இரண்டு பக்கக் கட்டுரையின் செல்வாக்கை எதைக் கொண்டு அளப்பது? சம்புநாத் தேயின் காலரா ஆய்வுகள் குறித்து ஒரு கேள்வி

முதுகலை மாணவி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். நான் நுண்ணுயிரியலில் முதுகலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். எங்கள் துறையில் ஒவ்வொருவரும் ஒரு மருத்துவ ஆய்வாளரை எடுத்துக்கொண்டு, அவர் வெளியிட்ட கட்டுரைகள் பின்னால் வந்தவர்களின் வேலையை எவ்வாறு மாற்றின என்று கருத்தரங்கில் பேச வேண்டும். நான் கல்கத்தா மருத்துவக் கல்லூரியின் நோய்க்குறியியல் பேராசிரியர் சம்புநாத் டேயைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன். காலரா நச்சு ஒன்று இருக்கிறது என்பதைச் செய்து காட்டியவர் என்று ஒரு பாடநூலின் அடிக்குறிப்பில் அவர் பெயரைப் பார்த்ததே காரணம். அந்த அடிக்குறிப்புக்கு மேல் அந்நூல் அவரைப் பற்றி ஒரு சொல்லும் கூறவில்லை.

அவர் 1915-இல் ஹூக்ளி மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் பிறந்தவர், லண்டனில் ராய் கேமரன் என்னும் நோய்க்குறியியல் அறிஞரிடம் ஆய்வுப் பயிற்சி பெற்றுத் திரும்பியவர், 1985-இல் மறைந்தவர் என்ற அளவில் வாழ்க்கைக் குறிப்புகள் கிடைத்துவிட்டன. கட்டுரைகளில் மூன்றை முதன்மையானவையாக எடுத்து வைத்திருக்கிறேன். முதலாவது, 1953-இல் டி. என். சட்டர்ஜியுடன் சேர்ந்து எழுதிய, முயலின் குடலில் காலராக் கிருமி எவ்வாறு செயல்படுகிறது என்ற கட்டுரை. இரண்டாவது, வயிற்றுப்போக்கு நோயாளிகளிடமிருந்து எடுத்த ஈ. கோலை கிருமிகளைப் பற்றி 1956-இல் வந்தது. மூன்றாவது, 1959 மே மாதம் ‘நேச்சர்’ இதழில் அவர் பெயரில் மட்டும் வந்த இரண்டு பக்கக் கட்டுரை.

என் குழப்பம் இதுதான். எல்லோரும் பெரிய கண்டுபிடிப்பு என்று சொல்வது 1959-ஆம் ஆண்டுக் கட்டுரையை. ஆனால் நான் இதுவரை வாசித்த பழைய ஆய்வுக் கட்டுரைகளின் இறுதிப் பட்டியல்களில் 1953-ஆம் ஆண்டுக் கட்டுரைதான் அடிக்கடி கண்ணில் படுகிறது. 1959-ஆம் ஆண்டுக் கட்டுரை வெளிவந்த முதல் சில ஆண்டுகள் அதை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை என்றும் படித்தேன். அது கல்கத்தாவிலிருந்து எழுதப்பட்டது என்பது மட்டும்தான் அதற்குக் காரணமா? என் வழிகாட்டி, மேற்கோள் எண்ணிக்கையை ஆண்டுவாரியாக வரைபடமாகப் போட்டால் போதும் என்கிறார். அந்த வரைபடம் கதையில் பாதியைக்கூடச் சொல்லாது என்று எனக்குத் தோன்றுகிறது, ஆனால் ஏன் என்று விளக்கத் தெரியவில்லை. அறிந்தவர்கள் உதவ வேண்டும்.

நுண்ணுயிரியல் ஆசிரியர்

தங்கள் ஐயம் சரியானது. முதலில் ஒரு சிறு திருத்தம்: வங்காளத்தில் அப்பெயரின் ஒலிப்பு ‘தே’ என்பதே. ஆங்கில எழுத்தைப் பார்த்து நாம் ‘டே’ என்று எழுதிப் பழகிவிட்டோம்.

1959-ஆம் ஆண்டுக் கட்டுரையின் எடை புரிய வேண்டுமென்றால், அதற்கு முந்தைய எழுபத்தைந்து ஆண்டுகளைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். ராபர்ட் காஹ் 1884-இல் கல்கத்தாவில் காலராக் கிருமியைத் தனி வளர்ப்பாகப் பிரித்தெடுத்தபோதே, அது ஒரு நச்சைச் சுரந்து அதன் வழியாகத்தான் நோயை உண்டாக்குகிறது என்று கருதினார். அந்த நச்சை யாராலும் காட்ட முடியவில்லை. காரணம், காலரா இயற்கையில் மனிதரை மட்டுமே தாக்கும் நோய். ஆய்வுக்கூடத்து விலங்கு ஒன்றின் இரத்தத்திலோ வயிற்றறையிலோ கிருமியை ஊசியால் செலுத்தினால் விலங்கு செத்துப்போகும், ஆனால் பேதி வராது. இதைப் பார்த்தவர்கள், கிருமி உடையும்போது வெளிப்படும் அகநச்சு இரத்தத்தில் கலந்து ஆளைக் கொல்கிறது என்ற முடிவுக்கு வந்தார்கள். பல பத்தாண்டுகள் அதுவே பாடமாகவும் இருந்தது. அரிசி கழுவிய நீர் போல லிட்டர் லிட்டராகப் போகும் பேதிக்கு அந்தப் பாடத்தில் சரியான விளக்கமே கிடையாது!

தே நோய்க்குறியியலாளர். கல்கத்தாவின் காலரா நோயாளிகளின் பிணப் பரிசோதனைகளிலிருந்து தொடங்கியவர். அவருடைய தொடக்கக் காலக் கட்டுரைகளில் காலராவினால் சிறுநீரகத்தில் ஏற்படும் மாற்றங்களைப் பற்றியவையும் உண்டு. சிறுநீரகம் நின்றுபோவதற்கு அடிப்படை உடலிலிருந்து நீர் வெளியேறியதுதான் என்றால், அந்த நீரை வெளியேற்றுவது எது என்ற கேள்வி அவரைச் சிறுகுடலின் பக்கம் திருப்பியிருக்க வேண்டும். 1953-ஆம் ஆண்டுக் கட்டுரை அந்தத் திருப்பத்தின் விளைவு. மயக்க மருந்து கொடுத்த முயலின் வயிற்றைத் திறந்து, சிறுகுடலில் சில அங்குல நீளத்தை இரு முனைகளிலும் பட்டு நூலால் கட்டி, அந்தக் கட்டிய பகுதிக்குள் காலராக் கிருமியின் வளர்ப்பைச் செலுத்தினார்கள். மறுநாள் திறந்து பார்த்தபோது கிருமி செலுத்திய பகுதி நீர் நிறைந்து புடைத்திருந்தது. கிருமி வளர்க்கப் பயன்படும் பெப்டோன் நீரை மட்டும், கிருமி இல்லாமல், செலுத்திய பகுதி வற்றிச் சுருங்கிக் கிடந்தது. மனிதனில் குடல் முழுவதும் நடப்பதை முயலின் குடலில் சில அங்குலத்துக்குள் நிகழ்த்திக் காட்டியாயிற்று. குடலின் அலையசைவு கிருமியை அடித்துக்கொண்டு போய்விடாமல் கட்டு தடுத்தது என்பதில்தான் இதன் நுட்பம் இருக்கிறது. பட்டு நூலும் ஊசியும் முயலும் இருந்தால் எந்தக் கல்லூரியிலும் செய்யலாம்.

இதே முறையை 1915-இலேயே இரண்டு ஆய்வாளர்கள் பிரெஞ்சு மொழியில் எழுதியிருந்தார்கள் என்பதையும் கருத்தரங்கில் சொல்லிவிடுங்கள். வியோல், கிரெண்டிரோபூலோ என்று அவர்களின் பெயர்கள். அது மறக்கப்பட்டுப் போயிற்று. முதலில் செய்ததால் மட்டும் ஒரு வேலைக்குச் செல்வாக்கு வந்துவிடாது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு தங்களுக்குக் கிடைக்காது.

1956-ஆம் ஆண்டுக் கட்டுரையைப் பலர் தாண்டிச் சென்றுவிடுகிறார்கள், நான் அதை மிக உயர்வாக மதிக்கிறேன். குடலில் சாதாரணமாக வாழும் கிருமி என்று எண்ணப்பட்ட ஈ. கோலையின் சில வகைகள், காலராக் கிருமியைப் போலவே கட்டிய குடற்பகுதியை நீரால் நிரப்புகின்றன என்று அது காட்டியது. பல ஆண்டுகள் கழித்து, நச்சு சுரக்கும் ஈ. கோலை என்ற தனி வகுப்பே உருவானது. அக்கிருமிகளின் நச்சுகளில் ஒன்று காலரா நச்சுக்கு மிக நெருங்கிய உறவு என்பதும் தெரிய வந்தது. ஏழை நாடுகளின் குழந்தைகளுக்கும் வெளியூர்ப் பயணிகளுக்கும் வரும் வயிற்றுப்போக்கில் பெரும்பங்கு இவ்வகைக் கிருமிகளுக்கு உண்டு.

பிறகுதான் 1959. வளர்ப்பு ஊடகத்திலிருந்து கிருமிகளை முற்றிலும் வடிகட்டி நீக்கிவிட்டு, எஞ்சிய வடிநீரை மட்டும் கட்டிய குடற்பகுதிக்குள் செலுத்தினார். உயிருள்ள கிருமி செய்ததையே கிருமியற்ற வடிநீரும் செய்தது. அப்படியானால் குற்றவாளி கிருமியின் உடலுக்குள் பூட்டிக் கிடக்கும் பொருளன்று, அது வெளியே சுரந்துவிடும் ஒன்று. அது இரத்தம் வழியாக அல்லாமல் குடலின் உட்புறத்திலேயே வேலை செய்கிறது. இவ்வளவுதான் கட்டுரை. காஹின் ஊகம் மெய்யானது.

ஒரு குறையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நீர் சேர்வதற்குத் தே தந்த விளக்கம், குடற்சுவரின் நுண்குழாய்களில் கசிவு கூடுகிறது என்ற திசையில் இருந்தது. அது நிலைக்கவில்லை. நச்சு குடற்செல்லுக்குள் சைக்ளிக் ஏஎம்பி என்ற மூலக்கூறின் அளவை உயர்த்துவதையும், அதனால் செல்லே குளோரைடையும் நீரையும் வெளித்தள்ளுவதையும் 1970-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்க ஆய்வாளர்கள் நிறுவினார்கள். சோதனை நிலைத்தது, விளக்கம் மாறிவிட்டது. அறிவியலில் இது குறைவான நிலைப்பு அன்று.

ஓய்வுபெற்ற நூலகர்

மருத்துவ நூலகம் ஒன்றில் முப்பது ஆண்டுகள் இதழ்ப் பிரிவைக் கவனித்தவன் என்ற முறையில், மேற்கோள் வரைபடத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். அறிவியலை மேலே ஆசிரியர் எழுதிவிட்டார்.

தே குறித்து மேற்கோள் அடிப்படையிலான ஆய்வு ஏற்கெனவே உண்டு. எந்தக் கட்டுரையை யார் யார் மேற்கோள் காட்டினார்கள் என்று தொகுக்கும் மேற்கோள் அட்டவணையை உருவாக்கிய யூஜீன் கார்ஃபீல்டே, தே மறைந்த மறு ஆண்டான 1986-இல், காலரா ஆய்வுத் துறையின் வரைபடத்தையும் அதில் தேயின் தாக்கத்தையும் பற்றித் தம் பத்தியில் விரிவாக எழுதினார். இன்று மைல்கல்லாக ஒப்புக்கொள்ளப்படும் ஒரு கட்டுரை வெளிவந்த காலத்தில் உடனே கவனிக்கப்படவில்லை என்பதைச் சுட்டியவர்களில் அவரும் ஒருவர். ஆகவே வழிகாட்டி சொல்லும் வரைபடம் வீணன்று, அதை எப்படிப் படிப்பது என்பதில்தான் கவனம் தேவை.

1953-ஆம் ஆண்டுக் கட்டுரை அடிக்கடி கண்ணில் படுவதில் வியப்பில்லை. அது ஒரு செய்முறையைத் தந்த கட்டுரை. செய்முறையைப் பயன்படுத்துபவர் ஒவ்வொரு முறையும் ‘இன்னாரின் முறைப்படி செய்தோம்’ என்று எழுதியே ஆக வேண்டும். அறிவியல் வரலாற்றிலேயே மிக அதிகமாக மேற்கோள் காட்டப்பட்டது எது என்று பார்த்தால், புரதத்தின் அளவைக் கண்டறிய லௌரி குழுவினர் 1951-இல் எழுதிய செய்முறைக் கட்டுரை, 3,00,000 மேற்கோள்களுக்கும் மேல். அதை உலகின் தலைசிறந்த கண்டுபிடிப்பு என்று யாரும் சொல்வதில்லை, லௌரியும் சொன்னதில்லை. ஷிகெல்லா, ஈ. கோலை, உணவு நஞ்சாக்கும் பிற கிருமிகள் என்று எதை ஆராய்ந்தவர்களும் முயலின் குடலைக் கட்டியபோதெல்லாம் தேயையும் சட்டர்ஜியையும் குறிப்பிட்டார்கள். காலராவோடு தொடர்பே இல்லாத மேற்கோள்களும் அதில் கணிசம்.

1959-ஆம் ஆண்டுக் கட்டுரைக்கு நேர்ந்தது இதற்கு நேர்மாறானது. ஒரு கருத்து முழுமையாக ஏற்கப்பட்டுவிட்டால், அதை முதலில் சொன்னவரைக் குறிப்பிட வேண்டிய தேவை போய்விடுகிறது. ராபர்ட் மெர்ட்டன் என்ற சமூகவியலாளர் இதனை உள்வாங்கப்படுவதாலேயே மறைந்துபோவது என்ற பொருளில் விளக்கினார். 1969-இல் டல்லாஸில் ஃபிங்கல்ஸ்டீனும் லோஸ்பல்லூட்டோவும் நச்சைத் தூய்மையாகப் பிரித்தெடுத்த பின், எழுதுபவர்கள் அந்தத் தூய நச்சின் கட்டுரையைத்தான் காட்டினார்கள். அதன் பிறகு நச்சின் இரு பகுதிகளான ஏ, பி என்னும் துணையலகுகள், அதன் பிறகு அது செல்லின் மீது பற்றும் ஜிஎம்1 என்ற கொழுப்புச் சர்க்கரை, அதன் பிறகு மரபணு. ஒவ்வொரு படி ஏறும்போதும் கீழ்ப்படி பட்டியலிலிருந்து நீங்கியது. இன்று நரம்பியல் ஆய்வகத்தில் நரம்பிழைகளின் பாதையைக் கண்டறியக் காலரா நச்சின் பி அலகைச் சாயம் போலப் பயன்படுத்துகிறார்கள். அவர்களில் எத்தனை பேர் தேயின் பெயரைக் கேட்டிருப்பார்கள்? மேற்கோள் வரைபடத்தில் இந்தச் செல்வாக்கு பூச்சியம், உண்மையில் அது பூச்சியமன்று.

வரைபடத்தின் தொடக்க ஆண்டுகளைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை. மேற்கோள் அட்டவணை அச்சில் வரத் தொடங்கியதே 1960-களில்தான். அதற்கு முந்தைய ஆண்டுகள் பின்னாளில் பின்னோக்கிச் சேர்க்கப்பட்டவை. அதுவும் முதன்மையாக மேலை நாட்டு இதழ்களைக் கொண்டு. காலராவால் அவதிப்பட்ட நாடுகளின் உள்ளூர் மருத்துவ இதழ்களில் தேயைப் பற்றி எழுதப்பட்டவை பெரும்பாலும் அந்த வலையில் விழவே இல்லை. பெயர்ச் சிக்கலும் உண்டு. ‘தே’ என்பது ஆங்கிலத்தில் இரண்டே எழுத்துள்ள குடும்பப் பெயர். ஐரோப்பியப் பெயர்களில் முன்னொட்டாக வரும் சொல்லும் அதே எழுத்துகளைக் கொண்டது. அட்டை அடுக்கிய காலத்தில் இவரைப் போன்ற வங்காளிகளின் கட்டுரைகளைத் தேடி நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். 1953-ஆம் ஆண்டுக் கட்டுரையின் இணை ஆசிரியர் சட்டர்ஜியின் பெயரும் வழக்கமான ஆங்கில எழுத்துக்கூட்டலில் இல்லாமல் கடைசி எழுத்து ஒன்று குறைவாக அச்சாகியிருக்கிறது. இரண்டு எழுத்துக்கூட்டலிலும் தேடிப் பாருங்கள்.

வெளிவந்து நெடுநாள் கவனிக்கப்படாமல் கிடந்து, பிறகு திடீரென எழும் கட்டுரைகளை ‘உறங்கும் அழகிகள்’ என்று 2004-இல் ஒரு டச்சு அறிஞர் பெயரிட்டார். தேயின் கட்டுரையை அந்தப் பட்டியலில் சேர்ப்பவர்கள் இருக்கலாம், எனக்கு உடன்பாடில்லை. அது உறங்கிய காலம் அவ்வளவு நீண்டதன்று. பத்தே ஆண்டுகளில் நச்சு தூய்மையாகக் கையில் கிடைத்துவிட்டது.

முதுகலை மாணவி

இருவருக்கும் மிக்க நன்றி. 1915-ஆம் ஆண்டுச் செய்தி எனக்கு முற்றிலும் புதியது. கூடுதலாக ஒன்று கேட்கிறேன். இணையத்தில் பல இடங்களில், ‘தேயின் கண்டுபிடிப்பிலிருந்துதான் ஓஆர்எஸ் எனப்படும் உப்புச் சர்க்கரைக் கரைசல் பிறந்தது, அதனால் அவர் கோடிக்கணக்கான உயிர்களைக் காப்பாற்றினார்’ என்று எழுதியிருக்கிறார்கள். இதை அப்படியே என் உரையில் சேர்க்கலாமா?

குழந்தைநல மருத்துவர்

அப்படியே சேர்க்க வேண்டாம் என்பது என் கருத்து. தொடர்பு உண்டு, ஆனால் தந்தை மகன் உறவு போல நேரானதன்று.

கல்கத்தாவில் ஹேமேந்திரநாத் சட்டர்ஜி என்ற மருத்துவர், வாந்தியைக் கட்டுப்படுத்திய பின் உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரை வாய்வழியே கொடுத்து 186 காலரா நோயாளிகளுக்குச் சிகிச்சை செய்ததை 1953-இல் ‘லான்செட்’ இதழில் எழுதினார். தேயின் முயல் கட்டுரை வந்த அதே ஆண்டு, அதே நகரம். தேயின் இணை ஆசிரியரான சட்டர்ஜி வேறு, இவர் வேறு என்பதை நினைவில் வையுங்கள், பலர் குழப்பிக்கொள்கிறார்கள். ஹேமேந்திரநாத்தின் கட்டுரையில் ஒப்பீட்டுக் குழு இல்லை, இழந்த நீரின் கணக்கும் இல்லை, அது ஏன் பலிக்கிறது என்ற விளக்கமும் அப்போது யாரிடமும் இல்லை. ஆகவே அதைப் பின்தொடர்ந்து எவரும் போகவில்லை.

விளக்கம் வேறு வழிகளில் வந்து சேர்ந்தது. குளுக்கோஸும் சோடியமும் கைகோத்துக் குடற்செல்லுக்குள் நுழைகின்றன என்பதை 1960-இல் ராபர்ட் கிரேன் முன்வைத்தார். அதே ஆண்டில் பாங்காக்கின் காலரா நோயாளிகளின் குடலிலிருந்து திசுத் துணுக்கு எடுத்துப் பார்த்த கங்காரோசா குழுவினர், குடலின் உட்படலம் உரிந்துபோகவில்லை, ஒழுங்காகவே இருக்கிறது என்று காட்டினார்கள். காலராவில் உட்படலமே கழன்றுவிடுகிறது என்ற பழைய நம்பிக்கை அதோடு போயிற்று. படலம் உரியவில்லை என்றால், நச்சு செல்லைக் கொல்லாமல் அதன் போக்கை மட்டும் மாற்றுகிறது என்றால், உறிஞ்சும் வாயில் இன்னும் திறந்தே இருக்கலாம் அல்லவா? தேயின் வேலை பொருந்தும் இடம் இதுதான். பேதி சுரப்பினால் வருகிறது, சிதைவினால் அன்று என்ற பார்வைக்கு அவருடைய முயல்கள் வழிசெய்தன. கரைசலை டாக்காவில் முறையாகச் சோதித்து 1968-இல் வெளியிட்டவர்கள் நாலினும் கேஷும் அவர்களுடைய குழுவினரும். 1971-இல் வங்கதேசப் போரின்போது பன்காவ் அகதி முகாமில் திலீப் மஹலனாபிஸ் அதைப் பீப்பாய் பீப்பாயாகக் கலந்து, நோயாளியின் உறவினர் கையாலேயே கொடுக்கச் செய்து, சாவு விகிதத்தை 30 விழுக்காட்டளவிலிருந்து 3.6 விழுக்காடாகக் குறைத்தார்.

இந்த வரிசையில் தேயின் பெயரைத் தலைமேல் வைத்தால், அவருக்குச் செய்யும் மரியாதைக்காக மற்றவர்களுக்கு அநீதி செய்வதாகும். அவருடைய பங்கு வேறோர் இடத்தில் இதைவிட நேராகத் தெரிகிறது. செயலற்ற கிருமிகளோடு காலரா நச்சின் பி அலகையும் சேர்த்து வாய்வழியே கொடுக்கும் தடுப்பு மருந்து ஒன்றை ஸ்வீடனில் யான் ஹோம்கிரென் குழுவினர் உருவாக்கினார்கள். நச்சு என்று ஒன்று இல்லையென்றால் அந்த மருந்தும் இல்லை. நம் ஊர்த் தொடர்பு வேண்டுமானால் 1992-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். சென்னையிலும் மதுரையிலும் வேலூரிலும் அதுவரை அறியாத ஓ139 என்ற வகைக் காலராக் கிருமி தோன்றியது. மேலுறை முற்றிலும் புதிது, பழைய நோயெதிர்ப்பு அதனிடம் பலிக்கவில்லை. ஆனால் அது சுரந்த நச்சு பழைய அதே நச்சுதான். அப்போது வார்டில் பயிற்சி மருத்துவனாக நின்றவன் நான். கிருமி சட்டையை மாற்றிக்கொண்டு வந்தாலும் படுக்கைக்கு அடியில் வாளியில் நிறைந்தது அதே அரிசி கழுவிய நீர்தான்.

எதிர்க்கட்சி

பேச்சு ஒரே பக்கமாகச் சாய்வதால் சற்று மறுத்து எழுதுகிறேன். ‘கல்கத்தாவிலிருந்து எழுதியதால் புறக்கணித்தார்கள்’ என்ற வாதம் கேட்க இனிமையாக இருக்கிறது, முழு உண்மையாக இல்லை. கட்டுரையை வெளியிட்டதே லண்டனின் ‘நேச்சர்’. முந்தையவை வெளிவந்ததும் பிரிட்டிஷ் இதழில்தான். வாசல் மூடப்படவில்லை, உள்ளே கூட்டம்தான் இல்லை. 1950-களில் காலரா ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் யாரும் அஞ்சாத நோய். கங்கை முகத்துவாரத்தின் உள்ளூர்த் தொல்லை என்று அதை ஒதுக்கி வைத்திருந்தார்கள். 1960-இல் டாக்காவில் காலரா ஆய்வுக்கூடம் தொடங்கியது. 1961-இல் இந்தோனேசியாவின் சுலாவெசியிலிருந்து ஏழாவது உலகப் பரவல் கிளம்பியது. பணமும் ஆட்களும் அதன் பிறகே இத்துறைக்கு வந்தார்கள். தே இரண்டு ஆண்டுகள் முந்திவிட்டார். ஆளில்லாத வேளையில் கடை திறந்தவர் அவர்.

மேலும், அவர் மட்டுமே தனியாக நின்றார் என்பதும் சரியன்று. பம்பாயின் ஹாஃப்கின் நிறுவனத்தில் என். கே. தத்தா, பால்குடிக்கும் முயல்குட்டிகளில் காலராவை உண்டாக்கும் முறையை 1955-இலேயே வெளியிட்டிருந்தார். 1959-இல், உயிருள்ள கிருமி இல்லாத பொருளாலேயே அக்குட்டிகளுக்குப் பேதி வரச் செய்து காட்டினார். பத்தாண்டு கழித்து நச்சைத் தூய்மைப்படுத்திய ஃபிங்கல்ஸ்டீன் 1964-இல் தத்தாவோடு சேர்ந்தே முயல்குட்டிகளைப் பற்றிக் கட்டுரை எழுதியிருக்கிறார். அதாவது, கல்கத்தாவிலிருந்து டல்லாஸுக்குப் போன பாதையில் பம்பாயும் ஒரு நிலையம். மாணவி தம் உரையில் தத்தாவை விட்டுவிட்டால், தே என்பவருக்கு மற்றவர்கள் செய்ததாக நாம் வருந்துவதையே அவர் தத்தாவுக்குச் செய்தவர் ஆவார்.

தேயுக்கு நோபல் பரிசு கிடைக்கவில்லையே என்று பலர் வைக்கும் முறையீட்டையும் அளவோடு வைத்துக்கொள்ளலாம். நோபல் பரிசு பெற்ற மரபியல் அறிஞர் ஜோஷுவா லெடர்பர்க் தாம் ஒரு முறைக்கு மேல் தேயைப் பரிந்துரைத்ததாக எழுதியிருக்கிறார், அது பெரிய சான்று. ஆனால் காலரா நச்சுக்காக வேறு யாருக்கும் அப்பரிசு கொடுக்கப்படவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்த நச்சைக் கருவியாகப் பயன்படுத்தி ஆராயப்பட்ட, செல்லுக்குள் செய்தி கடத்தும் ஜி புரதங்களுக்காக 1994-இல் கில்மனும் ராட்பெல்லும் பெற்றார்கள். அது வேறு கண்டுபிடிப்பு.

நுண்ணுயிரியல் ஆசிரியர்

தத்தாவைச் சேர்த்தது நியாயம், நான் விட்டது என் பிழைதான். ஆனால் நண்பரின் வாதத்தில் ஓரிடத்தில் நான் நிற்கிறேன். வெளிநாட்டில் கூட்டமில்லை என்பது சரி. உள்நாட்டில் என்ன தடை இருந்தது? காலரா கல்கத்தாவின் தெருவில் இருந்தது. தேயைத் தங்கள் உறுப்பினராக இந்திய அறிவியல் கழகங்கள் எதுவும் தேர்ந்தெடுக்கவில்லை, பெரிய விருது எதுவும் உயிரோடிருந்தவரை அவருக்கு இந்தியாவில் கிடைக்கவில்லை. இதனை 1990-இல் ‘கரன்ட் சயின்ஸ்’ இதழ் அவருக்கென ஒரு சிறப்பிதழே வெளியிட்டு வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. அதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன்பே அவர் போய்விட்டார். 1978-இல் காலரா பற்றிய நோபல் கருத்தரங்குக்கு அவர் ஸ்வீடனுக்கு அழைக்கப்பட்டார். 1960-களின் தொடக்கத்திலேயே தாம் இறந்துபோனதாகவும், கருத்தரங்குக் குழு தம்மைத் தோண்டி எடுத்ததாகவும் அங்கே பேசினார். வேடிக்கையாகச் சொன்னதுதான், ஆனால் சிரிக்க முடியவில்லை.

1960-களின் தொடக்கம் என்று அவரே ஆண்டு குறித்ததைக் கவனியுங்கள். 1959-க்குப் பிறகு அடுத்த ஆண்டு வடிநீரின் செயல்களைப் பற்றி ஒரு கட்டுரை, 1961-இல் எடின்பரோவில் அச்சான காலரா நூல் ஒன்று, அதற்குப் பின் இந்தப் பாதையில் அவரால் வெகுதூரம் போக முடியவில்லை. நச்சைத் தூய்மைப்படுத்தப் பட்டு நூலும் முயலும் போதா. குளிரறையும் வேகச் சுழலியும் உயிர்வேதியியலாளரும் வேண்டும். மருத்துவக் கல்லூரி நோய்க்குறியியல் துறை ஒன்றில் வகுப்பும் பிணப் பரிசோதனையும் பார்த்துக்கொண்டே அந்த ஏற்பாட்டைச் செய்வது என்னவென்று, அப்படிப்பட்ட துறையில் இருந்தவர்களுக்குத் தெரியும்.

முதுகலை மாணவி

அனைவருக்கும் நன்றி. உரையின் அமைப்பை மாற்றிவிட்டேன். வரைபடம் இருக்கும், ஆனால் 1953-க்கும் 1959-க்கும் தனித்தனிக் கோடுகளாக வைத்து, அவை ஏன் வேறுபடுகின்றன என்று நூலகர் ஐயா கூறியபடி விளக்குவேன். தத்தாவுக்கு ஒரு பகுதி ஒதுக்கியிருக்கிறேன். ஓஆர்எஸ் பற்றிய வரியை நீக்கிவிட்டு அவ்விடத்தில் ஓ139-ஐச் சேர்த்திருக்கிறேன். இணை ஆசிரியரின் பெயரைக் கடைசி எழுத்து இல்லாமல் தேடியபோது, முன்பு எனக்குக் கிடைக்காத பழைய மேற்கோள்கள் உடனே வந்தன. அவற்றில் பலவற்றின் தலைப்பில் காலரா என்ற சொல்லே இல்லை.